யாளி என்னும் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்தில் ஒரு தோட்டக் கோயிலுக்குத் திருப்பணி தொடங்கினால், கோபுரத்திலும் மண்டபத் தூண்களிலும் என்னென்ன உருவங்கள் வைப்பது என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சில் யாளியின் பெயர் கட்டாயம் அடிபடும். உயர்தர வகுப்பில் இந்து நாகரிகம் படிக்கும் மாணவர்களும் கோயிற் கட்டடக்கலையைப் படிக்கும்போது இப்பெயரைச் சந்திக்கிறார்கள். இவ்விரு தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. யாளியின் பெயரே இங்கு முதன்மையான பொருள். சிற்பம் அந்தப் பெயரை விளக்குவதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் வரும்.

யாளி என்பது எந்த விலங்கு?

சிங்கத்தின் முகமும் யானையின் துதிக்கையும் தந்தங்களும் உடையதாகக் கருதப்படும் விலங்கு என்று சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி பொருள் தருகிறது. கோயில்களில் நாம் காணும் உருவத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். உடல் சிங்கத்தினுடையது, இடை ஒடுங்கியிருக்கும், கண்கள் பிதுங்கி நிற்கும், பின்னங்கால்களை ஊன்றி எழும்போது முன்னங்கால்கள் பாய்ச்சலுக்கு மடங்கியிருக்கும். துதிக்கையே இல்லாத யாளிகளும் உண்டு, குதிரை முகத்து யாளிகளும் உண்டு. ஆகவே யாளி என்பதை ஒரு தனி உருவத்தின் பெயராகக் கொள்ளாமல் ஓர் இனத்தின் பெயராகக் கொள்வதே பொருத்தம்.

ஆளி, யாளி ஆகிய இரண்டில் எது பழைய வடிவம்?

இரண்டுமே சரியான வடிவங்கள்தாம். ஆனால் எது முந்தியது என்று கேட்டால், நூற்சான்றுகள் ஆளியின் பக்கமே நிற்கின்றன.

தமிழில் சொல்லின் முதலில் நிற்கும் யா காலப்போக்கில் ஆ ஆகிவிடுவது வழக்கம். யாடு ஆடானது, யாமை ஆமையானது, யாறு ஆறானது, யாண்டு ஆண்டானது. யானையை இன்றும் எழுத்தில் யானை என்றும் பேச்சில் ஆனை என்றும் வழங்குகிறோம். இந்த வரிசையைப் பார்ப்பவர்கள், யாளிதான் மூலவடிவம், யகரம் தேய்ந்து ஆளியானது என்று உடனே முடிவுகட்டி விடுகிறார்கள். முடிவு அவ்வளவு எளிதன்று. யாடும் யாமையும் யாறும் யகரத்தோடு வழங்கிய சங்கப் பாடல்களிலேயே இவ்விலங்கின் பெயர் ஆளி என்று வருகிறது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் இரவில் மலைவழியே வரும் தலைவனுக்கு நேரக்கூடிய ஆபத்துகளைத் தோழி அடுக்கிச் சொல்கிறாள். அந்த அடுக்கு, ‘அளைச்செறி உழுவையும் ஆளியும் உளியமும்’ என்று தொடங்குகிறது. அளை என்பது குகை, உழுவை புலி, உளியம் கரடி. அடியின் முதற்சீரான அளைச்செறி என்பதும் மூன்றாம் சீரான ஆளியும் என்பதும் மோனையால் இணைகின்றன. யாப்பிலக்கணப்படி அகரத்துக்கு ஆகாரம் மோனையாகும். யா மோனையாக வருவது இகர, எகர இனத்துக்கே. எனவே அங்கே யாளியும் என்று படித்தால் மோனை கெட்டுவிடும். பொருநராற்றுப்படையின் ‘ஆளி நன்மான் அணங்குடைக் குருளை’ என்ற அடியிலும் முதற்சீரும் மூன்றாம் சீரும் அதே முறையில் ஆ, அ என்று மோனை பெற்றுள்ளன. ஏடு பெயர்த்து எழுதியவர் கைப்பிழையாக ஒரு யகரத்தை விட்டிருக்கலாம் என்ற ஐயத்துக்கு இந்த மோனை இடமளிக்கவில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் ‘அணங்குடை யாளி தாக்கலின்’ என்று வருகிறதே என்று கேட்கலாம். இந்தத் தொடரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அணங்குடை என்பது ஐகாரத்தில் முடிகிறது. அதன் பின் ஆளி வந்தால் இரண்டு உயிர்களுக்கும் இடையே யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றி, அணங்குடை யாளி என்றே ஒலிக்கும். அந்த யகரம் விலங்கின் பெயருக்கு உரியதாகவும் இருக்கலாம், சந்தியில் பிறந்ததாகவும் இருக்கலாம். அவ்வடியிலுள்ள மோனை இரண்டாவதற்கே இடம்தருகிறது. இத்தகைய சந்திகளிலிருந்துதான் யாளி என்ற வடிவம் பிரிந்து தனிச்சொல்லாக நிலைத்தது என்பது என் கருத்து. யானையோடு போரிடும் விலங்கு என்ற நினைவும், யானை என்ற பெயரோடு உள்ள ஒலி நெருக்கமும் அதற்குத் துணைசெய்திருக்கும்.

சங்கப் பாடல்களில் இவ்விலங்கு எப்படி வருகிறது?

மலைக்காட்டில் வாழும் கொடுவிலங்காக வருகிறது. கோயிலோ சிற்பமோ அங்கே பேச்சிலேயே இல்லை.

நற்றிணையின் 205ஆம் பாடலில் அருவி ஒலிக்கும் பெருமலையில் ஓர் ஆண்யானை புலியைக் கொன்றுவிடுகிறது. புலியை வென்ற அந்த யானையை ஆளி இழுத்துச் செல்கிறது. புலியினும் யானை வலிது, யானையினும் ஆளி வலிது என்ற வரிசை ஒரே காட்சியில் நிறுவப்படுகிறது. அகநானூற்றின் 381ஆம் பாடலில் ஆளியின் ஆண் யானையின் வெண்மையான கொம்பைப் பிடுங்கி அதன் உள்ளிருக்கும் குருத்தைத் தின்கிறது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் இளம் வயதுக் கரிகாலனை ஆளிக் குட்டியோடு ஒப்பிடுகிறார். தாயிடம் பால் குடிப்பதை இன்னும் மறக்காத குட்டி, தன் முதல் வேட்டையிலேயே களிறு ஒன்றைக் கொன்றாற் போல, கரிகாலன் வெண்ணிப் போர்க்களத்தில் வென்றான் என்பது அவர் சொல்லும் செய்தி. பெரும்பாணாற்றுப்படையிலோ மூங்கில் வளர்ந்த மலைச்சரிவில் ஆளி தாக்க, யானைக் கூட்டமே கலங்கிச் சிதறுகிறது.

இந்த இடங்களில் இரண்டு தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, ‘ஆளி நன்மான்’. இங்குள்ள மான் புள்ளிமானைக் குறிப்பதன்று. அரிமான் என்று சிங்கத்தைச் சொல்வது போல விலங்கு என்ற பொதுப்பொருளில் நிற்கிறது. மற்றொன்று, ‘அணங்குடை’. அணங்கு என்பது பார்த்தவரை நடுங்கவைத்து வருத்தும் ஆற்றல். முருகனுக்கும் மலைத் தெய்வங்களுக்கும் உரிய இந்தச் சொல் ஆளியின் குட்டிக்கும், ஆணுக்கும், ஆளிக்குமே அடைமொழியாகிறது. நகத்தையும் பல்லையும் கடந்த ஓர் அச்சம் இப்பெயரோடு பிறப்பிலேயே ஒட்டியிருந்தது.

அப்படியானால் பழந்தமிழர் ஆளியை உண்மை விலங்காகவே கருதினார்களா?

சொல்லாட்சி அப்படித்தான் காட்டுகிறது. குறிஞ்சிப்பாட்டின் அடுக்கில் ஆளி புலிக்கும் கரடிக்கும் நடுவில் நிற்கிறது. அடுத்து வருவன காட்டுப்பசுவும் யானையும். அச்சந்தரும் தெய்வமாகிய சூர், இடியைச் சொன்ன பிறகு தனியாக வருகிறது. கபிலர் ஆளியை விலங்குகளோடுதான் வைத்தார், சூரோடு வைக்கவில்லை.

இன்னும் நுணுக்கமான சான்று ஒன்று உண்டு. விலங்குகளின் குட்டியையும் ஆணையும் பெண்ணையும் எந்தச் சொல்லால் குறிக்க வேண்டும் என்று தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்துச் சொல்கிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிக்கும் குருளை என்று பெயர். புலி முதலிய சில விலங்குகளின் ஆணுக்கு ஒருத்தல் என்று பெயர். பொருநராற்றுப்படை ஆளியின் குட்டியைக் குருளை என்கிறது. அகநானூறு அதன் ஆணை ஒருத்தல் என்கிறது. புலிக்குரிய மரபுச்சொற்களே ஆளிக்கும் வழங்கியிருக்கின்றன. புலவர்கள் அதைப் பூனையினத்துக் கொடுவிலங்காக மனத்தில் கண்டிருக்கிறார்கள் என்பது இதனால் தெளிவாகிறது.

துதிக்கை எப்போது வந்தது?

மேலே காட்டிய சங்கப் பாடல்கள் எதிலும் ஆளிக்குத் துதிக்கை சொல்லப்படவில்லை. நகமும் பாய்ச்சலும் வலிமையும் மட்டுமே பேசப்படுகின்றன. நிகண்டுகளின் காலத்துக்கு வந்தால், ஆளி சிங்கத்துக்கு ஒரு பெயராகவும் வழங்குகிறது. யாளிக்கு அறுகு, பூட்கை என்ற வேறு பெயர்களும் சேர்ந்துகொள்கின்றன.

கல்லில் இதே வளர்ச்சி வேறொரு வேகத்தில் நடந்தது. மாமல்லபுரத்துப் பல்லவர் தூண்களின் அடியில் அமர்ந்திருப்பவை துதிக்கையில்லாத சிங்கங்கள். அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் இன்று புலிக்குகை எனப்படும் குடைவரையின் வாயிலைச் சுற்றி வரிசையாக இருப்பவை யாளித் தலைகள். சோழர் கோயில்களில் படிக்கட்டின் இருபுறமும் துதிக்கை சுருண்டு இறங்கும் சுருள்யாளிகள் இடம்பெற்றன. விசயநகர, நாயக்கர் காலங்களில் ஒரே கல்லில் தூணோடு சேர்த்துச் செதுக்கப்பட்ட, ஆளுயரத்துக்கு மேற்பட்ட யாளிகள் வந்துவிட்டன. மதுரைப் புதுமண்டபம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் மனத்தில் யாளி என்றதும் தோன்றும் உருவம் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு உரியது. பெயர் பல நூற்றாண்டுகள் முந்தியது. அந்தப் பெயர் முதலில் குறித்த விலங்கு வேறு, இப்போது குறிக்கும் விலங்கு வேறு.

யாளி என்பது வியாளம் என்ற வடசொல்லின் திரிபா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆம் என்று ஒரே சொல்லில் விடை சொல்லும் குறிப்புகள் பல சுற்றிவருகின்றன. அவற்றை அப்படியே ஏற்க முடியாது.

வியாளம் என்பதற்கு வடமொழியில் பொருள்கள் பல. கொடுவிலங்கு, பாம்பு, அடங்காத யானை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் யானைகளைப் பழக்கும் முறையில் நான்காகப் பிரிக்கும்போது, வசப்படாத முரட்டு யானைக்கு வியாளம் என்ற பெயரைத் தருகிறது. பாளி மொழியில் இச்சொல் வாள என்று திரிந்து கொடிய விலங்கையும் பாம்பையும் குறிக்கிறது. சிற்ப நூல்களில் மட்டும் அது பலவிலங்கு கலந்த உருவத்தின் பெயராகிறது. குசராத்துப் பக்கத்துச் சிற்ப நூலான அபராஜிதபிருச்சை பதினாறு வகை வியாளங்களைச் சொல்கிறது.

ஒலி அளவில் பார்த்தால் தடை இரண்டு இடங்களில் வருகிறது. முதலாவது, வ்யா என்று இரு மெய்கள் சேர்ந்து தொடங்கும் வடசொற்கள் தமிழுக்கு வரும்போது வகரத்தை இழப்பதில்லை. ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டு வியா என்று தொடங்கும். வியாபாரம், வியாதி, வியாசர், வியாக்கியானம் என்பவை எல்லாரும் அறிந்தவை. புலிக்கால் முனிவரை வியாக்கிரபாதர் என்கிறோமேயன்றி யாக்கிரபாதர் என்பதில்லை. அந்த முறைப்படி வந்த வியாளம் என்ற சொல்லும் தமிழில் தனியே இருக்கத்தான் செய்கிறது. இரண்டாவது, அகரத்தில் முடியும் வடசொல் தமிழில் அம் அல்லது அன் ஈறு பெறும். யாளியில் உள்ள இகர ஈறு அந்த முறையில் பிறக்காது. இவற்றோடு, சான்றுகளில் முந்தி வருவது யகரமும் இல்லாத ஆளி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வியாளத்திலிருந்து ஆளிக்கு வர வகரம், யகரம், ஈறு ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆளி தமிழ்ச்சொல், வியாளம் வடசொல். இரண்டும் தனித்தனியாகப் பிறந்து, கோயிற் கட்டடக்கலை வளர்ந்த காலத்தில் ஒரே உருவத்தின் மேல் வந்து சேர்ந்தன என்று கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமானது. இந்தச் சேர்க்கையின் தழும்பு மலையாளத்தில் அப்படியே தெரிகிறது. அங்கே கோயில் உருவத்துக்கு வ்யாளி என்று பெயர். அதன் தலைப்பகுதி வடமொழி, வால்பகுதி தமிழ். கலப்பு விலங்குக்குக் கலப்புப் பெயரே அமைந்துவிட்டது.

ஆளுதல் என்ற வினையிலிருந்து ஆளி வந்ததா? தொழிலாளி என்பதில் உள்ள ஆளியும் இதுவும் ஒன்றா?

காட்டை ஆள்வதால் ஆளி என்ற விளக்கம் கேட்க இனிமையாக இருக்கிறது. அதற்கு மேல் ஆதாரம் கிடையாது. சங்கப் பாடல்கள் ஆளியை அரசனாக வருணிக்கவில்லை, கொலைவிலங்காகவே வருணிக்கின்றன. விலங்குகளுக்கு அரசன் சிங்கம் என்ற பிற்கால எண்ணத்தைப் பெயருக்குள் பின்னோக்கித் திணிக்கும் முயற்சி இது.

தொழிலாளி, முதலாளி, கூட்டாளி, கடனாளி, நோயாளி ஆகியவற்றில் இறுதியில் நிற்பது ஆள் என்பதோடு இகரம் சேர்ந்த ஈறு. ஒன்றை உடையவர் என்பது அதன் பொருள். அதற்கும் விலங்கின் பெயருக்கும் தொடர்பில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஆளி விதைக்கும் இவ்விலங்குக்கும் தொடர்பில்லை.

யாழி என்று எழுதலாமா? யாழ் என்ற இசைக்கருவியோடு தொடர்பு உண்டா?

யாழி என்று எழுதுவது பிழை. பேச்சில் ழகரமும் ளகரமும் மயங்குவதால் கும்பாபிஷேக அழைப்பிதழ்களிலும் பதாகைகளிலும் இப்பிழை அடிக்கடி வந்துவிடுகிறது. ஆளியை ஆழி என்று எழுதினால் பொருளே மாறிவிடும். ஆழி கடலையும் சக்கரத்தையும் மோதிரத்தையும் குறிக்கும் வேறு சொல்.

யாழின் கோட்டு நுனியில் யாளித் தலை செதுக்கப்பட்டதால் அதற்கு யாழ் என்று பெயர் வந்தது என்று சிலர் சொல்வர். இசைக்கருவியின் நுனியை விலங்குத் தலையாகச் செய்வது பல நாட்டு வழக்கம். வீணையின் முனையில் இன்றும் யாளிமுகம் வைக்கிறார்கள். ஆனால் பெயர்க் காரணமாக இதை ஏற்பதற்கு ழகரமும் ளகரமும் தடையாக நிற்கின்றன. சங்கத் தமிழ் இவ்விரு ஒலிகளையும் கலந்து வழங்கவில்லை, விலங்கின் பெயரும் அங்கே ஆளியாகவே இருந்தது. யாழினி என்று பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர் யாழிலிருந்து வந்தது, யாளியிலிருந்து வந்ததன்று.

சிங்களத்தில் இதற்கு இணையான சொல் உண்டா?

உருவம் உண்டு, சொல் வேறு. யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவத்தைச் சிங்களத்தில் கஜசிங்ஹ என்பர். யானைச்சிங்கம் என்ற பொருளை அந்தப் பெயர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. கண்டிக்கும் கம்பளைக்கும் இடையிலுள்ள உடுநுவரைப் பகுதியில் எம்பக்கே தேவாலயத்து மரத்தூண்களில் இதை நேரில் பார்க்கலாம். கம்பளை அரசர் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தோடு, அதாவது 14ஆம் நூற்றாண்டோடு, தொடர்புபடுத்தப்படும் அந்தத் தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. தூணின் நடுப்பகுதியில் வெட்டப்பட்ட சதுரக் கட்டத்துக்குள், இருதலைப் பறவை, அன்னம், மற்போர் வீரர் ஆகியோரோடு கஜசிங்ஹமும் அடங்கி நிற்கிறது. நாயக்கர் தூண்களில் யாளி கல்லை விட்டு வெளியே பாய்கிறது. எம்பக்கேயில் அதே கலப்பு விலங்கு கைக்குட்டை அளவுக் கட்டத்தில் சுருங்கி அலங்காரமாகிவிட்டது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் சுவையானது.

அதே அயலில் உள்ள கடலாதெனிய விகாரை 1344இல் கணேஸ்வராசாரி என்ற சிற்பியால் தென்னிந்தியக் கற்கோயில் முறையில் கட்டப்பட்டது. அதே காலத்து லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உள்ளது. சிற்பிகளும் வடிவங்களும் இரு மொழிகளுக்கிடையே தாராளமாக நடமாடிய மலைநாடு இது. ஆயினும் யாளி என்ற தமிழ்ப்பெயர் சிங்களத்துக்குள் போகவில்லை. சிங்களத்தில் யளி என்று ஒரு சொல் உண்டு. அது ‘மீண்டும்’ என்று பொருள்படும் வேறு சொல், அதனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கண்டிய ஓவியங்களிலும் மரவேலையிலும் வரும் ஏத்கந்த லிஹிணியா, யானைத் தலை கொண்ட ஒரு பறவை. அதை யாளி என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. இருதலைப் பறவைக்கோ தமிழில் பழைய பெயரே இருக்கிறது: கபிலர் பாடிய அகநானூற்றின் 12ஆம் பாடல், ஓருயிரும் இருதலையும் உடைய புள்ளைத் தலைவிக்கும் தோழிக்கும் இடையிலுள்ள நட்புக்கு உவமையாக்குகிறது.

மலையகத் தோட்டங்களுக்கு யாளி எப்படி வந்தது?

கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் முதலில் அமைத்தவை பெரும்பாலும் மரத்தடிக் கல்லும் சூலமுமாக இருந்த சிறு வழிபாட்டிடங்கள். மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் தேயிலைத் தொழிற்சாலையைக் காக்கும் ரோதை முனியும் அங்கே குடியேறினார்கள். யாளிக்கு அங்கே தூணும் இல்லை, இடமும் இல்லை. ஆகம முறைப்படி விமானமும் கோபுரமும் தேரும் எழத் தொடங்கியபோதுதான் யாளி உடன்வந்தது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் வடக்கேயிருந்து மலையேறிய பழைய வழியில் அமைந்த மாத்தளையில், முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராசகோபுரமும், மாசிமகத்தில் வீதிவலம் வரும் ஐந்து தேர்களும் இந்த வளர்ச்சியின் உச்சத்தைக் காட்டுகின்றன. தேர் வடம் பிடிக்கும் நாளில் அடித்தட்டின் மூலைகளைக் கவனித்தால், மரத்தில் செதுக்கிய யாளிகள் தேரின் பாரத்தையே தாங்கிப் பாய்வது போல் அமைந்திருப்பது தெரியும்.

கோயிலில் யாளி எந்தெந்த இடங்களில் இருக்கும்? அவற்றுக்குத் தனிப்பெயர்கள் உண்டா?

உண்டு. கூரையின் வெளிநீட்சியாகிய கபோதத்துக்கு மேலே, யாளிகளின் முன்பாதி உடல்கள் வரிசையாக நீண்டிருக்கும் பட்டைக்கு யாளிவரி என்று பெயர். வரியின் இரு முனைகளிலும் மகரத் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலேயே நீண்ட யாளிவரியைக் காணலாம். தூணோடு சேர்ந்து நிற்பது யாளித்தூண். படிக்கட்டின் பிடிச்சுவராக இறங்குவது சுருள்யாளி. முகத்தை வைத்துச் சிம்மயாளி, யானையாளி, மகரயாளி, குதிரையாளி என்று பிரிப்பது இன்றைய ஸ்தபதிகளின் பேச்சிலும் உண்டு.

கல்யாளியின் திறந்த வாய்க்குள் ஒரு கல்லுருண்டை கிடக்கும். விரலால் தள்ளினால் உருளும், வெளியே எடுக்க முடியாது; பல்வரிசையின் இடைவெளியை விட உருண்டை பெரியது. வெளியிலிருந்து வைக்கப்பட்ட உருண்டை அன்று அது. அதே கல்லைப் பற்களின் இடைவழியாக உளியை நுழைத்துச் சிறிது சிறிதாகக் குடைந்து பிரித்தெடுத்தது. நம் தோட்டக் கோயில்களில் கம்பி கட்டிச் சீமெந்தில் உருவாக்கும் யாளிகளில் இந்த வேலைப்பாடு இருப்பதில்லை. வர்ணம்தான் அங்கே கண்ணைப் பறிக்கிறது.

மகரமும் கீர்த்திமுகமும் யாளியும் ஒன்றுதானா?

மூன்றும் வெவ்வேறு. மூலவருக்குப் பின்னே உள்ள திருவாசியைப் பார்த்தால் வேறுபாடு எளிதில் விளங்கும். இருபுறமும் அடியில் வாய்பிளந்து நிற்பவை மகரங்கள்; மகரம் நீர்வாழ் விலங்கு, முதலையின் சாயல் உடையது. உச்சியில் கீழ்த்தாடையும் உடலும் இல்லாமல் விழிக்கும் முகம் கீர்த்திமுகம். சிவனின் ஆணைப்படி தன் உடலையே தின்று முகம் மட்டும் எஞ்சிய பூதம் அது என்று புராணக்கதை சொல்லும். பேச்சு வழக்கில் அதையும் யாளிமுகம் என்பவர்கள் உண்டு. திருத்தமான எழுத்தில் அவ்வாறு எழுதுவதைத் தவிர்க்கலாம். விகாரை வாயில்களில் உள்ள மகரதோரணத்திலும் இதே மகரங்களும் உச்சிமுகமும் வருகின்றன.

டிராகன் என்பதற்கு யாளி என்று மொழிபெயர்க்கலாமா?

மலையாளத்தில் வ்யாளி என்ற சொல்லை அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். தமிழில் நான் பரிந்துரைக்க மாட்டேன். டிராகனுக்குப் பாம்பின் உடல் அடிப்படை; யாளிக்கு நாற்கால் விலங்கின் உடல் அடிப்படை. யாளி தீயைக் கக்குவதில்லை, புதையலைக் காப்பதுமில்லை. தமிழ் வேதாகமத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பெயர்த்தவர்கள் வலுசர்ப்பம் என்ற நல்ல சொல்லை ஆண்டிருக்கிறார்கள்; அது போதும், இல்லையேல் டிராகன் என்றே எழுதலாம்.

யாளி என்ற விலங்கு உண்மையில் வாழ்ந்ததா?

கடலில் மூழ்கிய கண்டத்தில் யாளிகள் வாழ்ந்தன, அவை அழிந்த பேருயிர்களிலும் பெரியவை என்று காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். துதிக்கையுடைய சிங்கத்தின் ஒரு எலும்பும் எந்நாட்டிலும் கிடைத்ததில்லை. கோயிலுக்குக் கோயில் முகம் மாறுவதே அது சிற்பியின் படைப்பு என்பதைக் காட்டுகிறது.

இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்பதற்கு மட்டும் புதைபடிவச் சான்று உண்டு. சபரகமுவ மலையடிவாரத்துக் குருவிட்டையில் கிடைத்த பற்களைக் கொண்டு பி.ஈ.பி. தெரணியகல 1939இல் அதை ஒரு தனி உள்ளினமாக விவரித்தார். அது வரலாற்றுக் காலத்துக்கு மிகவும் முற்பட்டது. அதை யாளிக் கதையோடு முடிச்சுப்போடுவது பொருந்தாது. சங்கப் பாடல்களின் ஆளிக்குப் பின்னால் தமிழக மலைகளின் சிங்கமோ புலியோ பற்றிய கேள்விச்செய்தி இருந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. நம் தோட்டத்து மக்கள் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். இத்தீவின் காடுகளில் இன்று சிங்கமும் இல்லை, புலியும் இல்லை.

திருப்பணி மலரிலும் கல்வெட்டுப் பலகையிலும் எவ்வாறு எழுத வேண்டும்?

பொதுவாகக் குறிக்கும்போது யாளி என்று ளகரத்தோடு எழுதுக. வகையைச் சொல்ல வேண்டுமானால் சிம்மயாளி, யானையாளி என்று சேர்த்து எழுதுக. வடமொழிச் சிற்ப நூலை மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் வியாளம் என்று எழுதினால் போதும். சங்கப் பாடலை எடுத்துக்காட்டும்போது மூலத்தில் உள்ளபடி ஆளி என்றே இருக்க வேண்டும். படிப்பவருக்கு எளிதாகட்டும் என்று அதை யாளியாகத் திருத்தினால் அடியின் மோனை போய்விடும். யாளிவரியின் படத்துக்குக் கீழே சிங்க வரிசை என்றும், திருவாசியின் மகரத்துக்குக் கீழே யாளி என்றும் மலர்களில் அச்சாகியிருப்பதைப் பார்க்க முடிகிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஸ்தபதியிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.